பேய்க்கு எதற்குச் சாவி?

அத்தியாயம் 5

'ஏழாம் லயம்' படத்தில் முதல் பிணம் விழுவதற்கு முன்பே ரூபனுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"அக்கா, முதல்ல போறது அந்தத் தாடிக்காரன்தான்," என்றான். "தைரியமா இருக்கான், ஜோக் அடிக்கிறான், 'நான் போய்ப் பார்த்துட்டு வாரேன்'னு சொல்றான். இந்த மூணும் ஒரே ஆள்கிட்ட இருந்தா டாக்டராலகூடக் காப்பாத்த முடியாது லா."

திரையில் தாடிக்காரன் கைவிளக்கை எடுத்துக்கொண்டு புதர்க் காட்டுக்குள் போனான். ஓர் அலறல் கேட்டது. கைவிளக்கு மட்டும் தரையில் உருண்டு நண்பர்களிடம் திரும்பி வந்தது.

"பாருங்க, அந்த டார்ச் லைட்டுக்கு இருக்கிற புத்திகூட அவனுக்கு இல்ல. அது வீடு வந்து சேர்ந்துருச்சு."

புஷ்பலதா சிரிக்கவில்லை. சீனி போடாத கறுப்புக் கோப்பியை உறிஞ்சியபடி தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பல வருடம் குப்பை கொட்டியவள் அவள். இடது காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வலது காலை நொண்டுகிறவர்களைக் கண்டுபிடிப்பது அங்கே அவள் வேலை. அது சலித்துப்போய், ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அவளுடைய ஒரே உதவியாளன் ரூபன். அதற்கு முன்னால் அவன் இரவுச் சந்தையில் சினிமாப் படத்தட்டு விற்றவன். எந்தத் தட்டையும் ஒரிஜினல் என்று தாய்மேல் சத்தியம் செய்வான். அவன் அம்மாவுக்கு இன்றுவரை ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்பது அறிவியலுக்கு எட்டாத விஷயம்.

இவ்வளவு மோசமான படத்தைக் காலங்காத்தாலே உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போயிருந்தது.

அவர் பெயர் காளியம்மா. தஞ்சோங் ரம்புத்தான் தாண்டி எல்டன் தோட்டம் என்று ஒன்று இருந்தது. இப்போது தோட்டம் இல்லை. ரப்பர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையையும் வெட்டி நிலத்தை விற்றார்கள், சனங்கள் ஈப்போ அடுக்குமாடிகளுக்குக் குடிபோய்விட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு மாரியம்மன் கோயில் மட்டும். அம்மனுக்கு ஒரு வெள்ளி முகம் உண்டு. வருடம் முழுக்கக் கருவறைப் பெட்டிக்குள் இருக்கும், திருவிழா அன்று மட்டும் எடுத்துச் சாத்துவார்கள். போன வாரம் திருவிழாவுக்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சுற்றி வைத்த பட்டுத்துணிதான் இருந்தது. முகம் இல்லை.

பூட்டு உடையவில்லை. கருவறைக்கு இரண்டே சாவிகள். ஒன்று காளியம்மாவின் கணவர் தர்மேந்திரனிடம். ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிற மனிதர், தினமும் வேலை முடிந்ததும் அவ்வளவு தூரம் போய் அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு வருவார். இன்னொரு சாவி கோயில் தலைவர் சீனியுடையது. அது ஹுத்தான் மெலிந்தாங்கில் தன் அக்கா வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, பல வருடமாக அதை யாரும் தொட்டதே இல்லை என்று சொல்லிவிட்டார் தலைவர். மிச்சக் கணக்கைக் கோயில் கமிட்டி மடமடவென்று போட்டுவிட்டது.

"இன்னிக்குச் சாயங்காலம் கூட்டம் வச்சிருக்காங்கம்மா," என்று காளியம்மா அழுதிருந்தார். "சாவியப் பிடுங்கிக்கிட்டு அப்படியே போலிசுல ஒப்படைக்கப் போறாங்களாம். போலிசக்கூட அவரு தாங்கிக்குவாரு. அந்தச் சாவிய இடுப்புல கட்டிக்கிட்டே தூங்குற மனுசன், குளிக்கிறப்பக்கூடக் கழட்டமாட்டாரு. அதை எல்லார் முன்னாடியும் அவுத்துக் குடுன்னு சொன்னா அங்கேயே உயிர விட்டுருவாரு."

"கடைசியா முகத்தைப் பார்த்தது போன வருசத் திருவிழாவுல. அதுக்கப்புறம் வெளியாளுங்க யாராவது கோயில் பக்கம் வந்தாங்களாக்கா?" என்று புஷ்பலதா கேட்டாள்.

"சினிமாக்காரங்கதான். ஒரு வாரம் ராத்திரி ராத்திரியா பேய்ப்படம் எடுத்தாங்க. தலைவர்தான் அனுமதி குடுத்தாரு."

"அப்ப அண்ணன் எங்க இருந்தாரு?"

"அந்த வாரம் முழுக்க அவருக்கு நைட் ஷிப்ட்டு."

காளியம்மா போனதும் புஷ்பலதா தொழிற்சாலைக்கு ஒரு தொலைபேசி போட்டாள். அங்கே இரவு வேலை என்ற ஒன்றே கிடையாது என்று தெரிந்தது. கட்சிக்காரரின் கணவர் பொய் சொல்லியிருக்கிறார். ரூபன் இதைக் கேட்டு வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைகளிலிருந்து இரண்டு ரொட்டி சானாயும் அந்தப் பேய்ப்படத்தின் தட்டும் வாங்கி வந்து, தட்டைச் சுழலவிட்டான்.

'ஏழாம் லயம்' கதையைப் படம் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். ஏழு நண்பர்கள், கைவிடப்பட்ட ஒரு தோட்டம், தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு பாழடைந்த லயம். வண்டி நிற்கிறது, கைத்தொலைபேசியில் சிக்னல் கோடு இல்லை. 'இங்கே தங்காதீங்க' என்று எச்சரிக்க ஆட்டுக்குட்டியோடு ஒரு கிறுக்கர் வருகிறார். உடனே ஏழு பேரும் அங்கேயே தங்குகிறார்கள். பேய் ஒருத்தரைக் கொன்றதும், மிச்சம் இருக்கிற ஆறு பேரும் உட்கார்ந்து யோசித்து, பேய்க்கு வசதியாக இருக்கட்டும் என்று தனித்தனியாகப் பிரிந்து போகிறார்கள்.

திரையரங்கில் ஒரு வாரம் ஓடியது. படம் அவ்வளவு இருட்டு. விளக்குப் போய்விட்டது என்று சனங்கள் டிக்கெட் கொடுத்தவனிடம் சண்டைக்குப் போனார்கள். இப்போது வீட்டில் பார்க்கத் தட்டாக வெளிவந்திருந்தது. அட்டையில் 'இயக்குநரின் சிறப்புப் பதிப்பு' என்று தங்க எழுத்தில் இருந்தது. சிறப்பு என்ன என்று ரூபனின் தொழில்முறைக் கண் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது.

"அக்கா, நான் வித்த திருட்டுத் தட்டு எல்லாம் இதுக்கு முன்னாடி கோயில் பிரசாதம். கறுப்புன்னு ஒரு நிறமே இல்ல பாருங்க. ராத்திரி எல்லாம் பால் கலந்த கோப்பி மாதிரி இருக்கு. படத்தோட மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வெட்டவே இல்ல. மேல மைக் தொங்குது, கீழ கேமராக்காரன் செருப்புத் தெரியுது. சத்தம் இடது பக்கம் மட்டும் வருது. வசனத்துக்குக் கீழ ஓடுற இந்த மலாய் எழுத்து இருக்கே, அதுதான் உச்சம். ஆள் சாகிறதுக்கு முன்னாடியே 'தோலோங்'னு உதவி கேட்குது. பேயே அதைப் படிச்சிட்டுத்தான் வருது போல."

"நிறுத்து," என்றாள் புஷ்பலதா.

"நான் உண்மையத்தானே..."

"உன்னை இல்ல. படத்தை நிறுத்து. கொஞ்சம் பின்னால போ."

கதாநாயகி தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மரத்தடியிலிருந்து வெள்ளைத்துணி சுற்றிய பேய் மெல்ல எழுந்தது. திரையரங்கில் இதற்குமேல் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் பால்கோப்பி நிற ராத்திரியில், பேய்க்கும் பின்னால் தூரத்தில், மாரியம்மன் கோயில் வாசல் பளிச்சென்று நின்றது. கதவு திறந்திருந்தது.

உள்ளேயிருந்து ஒருவன் வந்தான். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தான். இரண்டு கையும் நெஞ்சோடு எதையோ அணைத்திருந்தன. முதுகைக் கேமராவுக்குக் காட்டி, முகத்தைக் கருவறைப் பக்கம் வைத்து, பின்னோக்கியே நடந்து வந்தான். வாசல் தாண்டியதும் காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டு இருட்டில் ஓரமாகப் போய்விட்டான்.

ரூபன் ரொட்டியைக் கீழே வைத்தான். "அக்கா, பின்பக்கமா நடக்கிறான். இந்தப் படத்துல இன்னொரு பேயா? ஒண்ணுக்கே சம்பளம் குடுக்க வக்கில்ல."

"பேய் இல்ல, பக்தன். சாமிக்கு முதுகைக் காட்டக் கூடாதுன்னு பின்னாலயே நடந்து வாரான். செருப்பை வெளிய விட்டிருக்கான், சட்டையக் கழட்டியிருக்கான். அம்மன் முகத்தைத் திருடிக்கிட்டுப் போறப்பகூட அம்மனுக்கு மரியாதை குறையக்கூடாது பாரு."

"இவ்வளவு மரியாதை தெரிஞ்ச திருடனுக்கு மாலையே போடலாமே."

"சினிமாக்காரன் இப்படிச் செய்வானா?"

ரூபன் யோசித்தான். படத்தின் கீழ்ஓரத்தில், வெட்டாமல் விட்ட பகுதியில், படக்குழு ஆள் ஒருத்தன் சப்பாத்துக் காலைக் கோயிலுக்கு வெளியே இருந்த பலிபீடக் கல்லில் வைத்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். "மாட்டான்," என்று ஒப்புக்கொண்டான். அப்புறம்தான் அதன் அர்த்தம் அவனுக்கு உறைத்தது. திருடன் கோயில் ஆள். பூட்டு உடையவில்லை. சாவி வைத்திருக்கிற ஆள். அந்த வாரம் எங்கே இருந்தார் என்று பொய் சொன்ன ஆள்.

"அலாமாக்! அக்கா, நாம காசு குடுத்துத் தட்டு வாங்கி நம்ம ஆளையே மாட்டி விட்டுட்டோமே. இந்தத் தட்டை ஒடச்சிப் போட்டுரலாமா? நியாயமாப் பார்த்தா படத்துக்காகவே ஒடைக்கணும்."

புஷ்பலதா அதைக் காதில் வாங்கவில்லை. காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அவள் பார்த்தது திருடனை இல்லை, முன்னால் நின்ற பேயை. கதாநாயகியின் கழுத்தைப் பிடிக்கப் போகிற பேய் ஒரு கணம் கோயில் பக்கம் திரும்பித் தலை குனிந்தது. அவள் உதட்டில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

"படம் பிடிச்சிருச்சா அக்கா?" என்றான் ரூபன் கலவரத்தோடு.

"பேய் நல்லா நடிக்குது. காடியை எடு, இதை எடுத்த மகானைப் பார்த்துட்டு வருவோம்."

இயக்குநர் யுவனேஸ்வரன் ஈப்போ பழைய நகரில் ஒரு கோப்பிக்கடை மூலையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே வெயில் இல்லை. படத்தைத் தட்டில் பார்த்தோம் என்று புஷ்பலதா சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினான். கண் கலங்கியிருந்தது.

"உண்மையாவா அக்கா? முழுசாவா?"

"முழுசா," என்றான் ரூபன். "ஏன் ப்ரோ, தட்டுல அவ்வளவு வெளிச்சம்?"

யுவனேஸ்வரன் பெருமூச்சு விட்டான். "அதைக் கேட்காதீங்க. இருட்டுதான் என் படத்தோட ஆன்மா. மனுசனோட உள்மனசு எப்படிக் கறுப்பா இருக்கோ..."

"தியேட்டர்லயும் அப்படித்தான் இருந்துச்சாம். சனங்க தடவித் தடவித்தான் கழிவறைக்குப் போனாங்களாம்."

"தட்டுப் போடுற கடைக்குத் தப்பான பைல் போயிருச்சு ப்ரோ. நிறம் திருத்தாதது, ஓரம் வெட்டாதது. போதாக்குறைக்கு அந்தக் கடைக்காரன், 'படம் ஒண்ணும் தெரியல பாஸ், நானே வெளிச்சம் கூட்டிட்டேன், காசு வேணாம்'னு சொல்றான். ஐந்நூறு தட்டு. எனக்கு அழுகையே வந்துருச்சு."

"எத்தனை வித்துச்சு?"

"அதான் அழுகை."

புஷ்பலதா கோப்பியைக் கலக்கினாள். "யாருக்குமே படம் பிடிக்கலையா யுவா?"

"ஏன் இல்ல? ஒருத்தர் இருக்காரு," என்று அவன் நிமிர்ந்தான். "எல்டன் கோயில் தலைவர் சீனி. முதல் நாள் வந்து பார்த்தாரு. மறுநாளும் வந்தாரு. அதுக்கப்புறமும் ஒரு தடவை. மூணு தடவையும் முன்வரிசை, கண்ணைக்கூடச் சிமிட்டல. ஒரு தட்டைச் சும்மாவே குடுத்தேன். 'வேணாம்பா, தியேட்டர்ல பார்த்ததே மனசு நிறைஞ்சிருச்சு'ன்னு சொல்லிட்டாரு. அவருதான் ரசிகர்."

கரண்டி நின்றது. புஷ்பலதா ரூபனைப் பார்த்தாள். அந்தப் படத்தை ஒருத்தன் மூன்று முறை பார்க்க வேண்டுமானால் அவனுக்குக் கதாநாயகிமேல் காதல் இருக்க வேண்டும், இல்லை வேறு ஏதோ பயம் இருக்க வேண்டும். கதாநாயகியோ முதல் பாதியிலேயே முகம் முழுக்கச் சேற்றைப் பூசிக்கொள்கிறவள். ரூபனுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. 'ஏழாம் லயம்' ஒன்றரை மணி நேரத்தில் செய்ய முடியாததை இந்த ஒரு வாக்கியம் செய்துவிட்டது.

"சரி, பேயா நடிச்சது யாரு?" என்று கேட்டாள் அவள்.

யுவனேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "கோலாலம்பூர்ல இருந்து வரவழைச்ச பெரிய கலைஞர். பேரு வெளிய சொல்லக்கூடாதுன்னு ஒப்பந்தம்."

"உங்க பேய் சுவருக்குள்ள புகுந்து வருமா?"

"வரும். கடைசிக் காட்சியே அதுதான்."

"பூட்டின கதவு?"

"பேய்க்கு ஏதுக்கா பூட்டு?"

"அப்ப அதோட இடுப்புல எதுக்கு ஒரு சாவி தொங்குது?"

இயக்குநரின் வாய் திறந்தது. வார்த்தை எதுவும் வரவில்லை, மலாய் எழுத்துகூட வரவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, "அக்கா, அம்மன் மேல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்," என்று முனகினான்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன்கிட்ட இருக்கிற பெரிய டிவியை மட்டும் தூக்கிக்கிட்டுச் சாயங்காலம் கோயிலுக்கு வா."

எல்டன் கோயிலுக்குப் போகிற செம்மண் சாலையில் ரூபன் காடியை ஓட்டிக்கொண்டே கெஞ்சினான். "யாருக்கா அந்தப் பேய்?"

"அடுத்தது யாரு சாவாங்கன்னு ஒண்ணு விடாமச் சரியாச் சொன்னியே. இதையும் சொல்லு பார்ப்போம்."

"அது சினிமாக்கா. இது வாழ்க்கை. இதுல யாரு எப்ப என்ன செய்வாங்கன்னு எழுதி வச்சவனுக்கே தெரியாது லா."

கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. தலைவர் சீனி கையில் மைக்கோடு நின்றார். இரும்புச் சாமான் விற்கும் வன்பொருள் கடை முதலாளி, அகலமான ஆள், நெற்றி நிறையத் திருநீறு.

"என் சனங்களே," என்றார். மைக் கிறீச்சிட்டது. "நான் யாரையும் திருடன்னு சொல்லல. சாவி ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு, அவ்வளவுதான் சொல்றேன். ஆனா ஒண்ணு யோசிங்க. அம்மா ஏன் முகத்தை மறைச்சுக்கிட்டா? இந்தக் காட்டுல இருக்க அவளுக்கு இஷ்டமில்ல! நிலம் வாங்கின கம்பெனி டவுன் பக்கத்துல நமக்கு இடம் தரேங்குது. பெரிய கோபுரம், கார் நிறுத்த வசதி. போன வருசம் நான் சொன்னப்ப யாரும் கேட்கல. இப்ப அம்மாவே சொல்லிட்டா!"

ஓரத்து நாற்காலியில் தர்மேந்திரன் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒட்டி உலர்ந்த மனிதர். வலது கை இடுப்பைவிட்டு அகலவேயில்லை. பக்கத்தில் காளியம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"தலைவரே," என்று புஷ்பலதா எழுந்தாள். "போலிசுக்குப் போறதுக்கு முன்னால ஒரு படம் பார்த்துட்டுப் போலாமா? ரெண்டே நிமிசம்தான்."

"என்ன படம்?"

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம்."

திரை ஒளிர்ந்ததும் சீனியின் முகத்திலிருந்த திருநீறு மட்டும்தான் நிறம் மாறாமல் இருந்தது. கதாநாயகி தவழ்ந்தாள். "எழுந்து ஓடேன்டி!" என்று பின்வரிசையில் ஒரு பெண்மணி அதட்டினார். பேய் எழுந்தது. கோயில் கதவு திறந்து, சட்டையில்லாத முதுகு ஒன்று பின்னோக்கி நடந்து வந்து, செருப்பு மாட்டி, ஒதுங்கியது. புஷ்பலதா படத்தை நிறுத்தினாள்.

முதலில் சுதாரித்தவர் தலைவர்தான். "பார்த்தீங்களா! கோயில் ஆளேதான்! பின்னால நடந்து வாரான் பாருங்க! அந்த நேரத்துல சாவி யார்கிட்ட இருந்துச்சு? தர்மேந்திரா, வாயத் திறந்து சொல்லு!"

தர்மேந்திரன் தலையைத் தூக்கவில்லை. காளியம்மா புஷ்பலதாவைப் பார்த்த பார்வையில், காசு கொடுத்து வாங்கிய துரோகம் தெரிந்தது. ரூபனுக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

"திருடனை அப்புறம் பார்ப்போம்," என்றாள் புஷ்பலதா. "எல்லாரும் இந்தப் பேயைக் கொஞ்சம் கவனிங்க."

படம் நகர்ந்தது. பேய் கதாநாயகியை நோக்கிக் கை நீட்டியது. பிறகு கோயில் பக்கம் திரும்பி, தலை குனிந்து, இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டது. அதன்பின் நிதானமாகக் கழுத்தை நெரிக்கப் போனது. பல நாள் கழித்து அந்தக் கொட்டகையில் சிரிப்பும் கைதட்டலும் கேட்டன. புஷ்பலதா பேயின் இடுப்பில் படத்தை நிறுத்தினாள். வெட்டாமல் விட்ட கீழ்ஓரத்தில், வெள்ளைத்துணி விலகிய இடத்தில், மஞ்சள்துணி சுற்றிய நீளமான ஒரு பழைய இரும்புச் சாவி தொங்கியது.

"யாருக்காவது இந்தப் பேயைத் தெரியுமா?"

காளியம்மா மெதுவாக எழுந்து நின்றார். திரையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"அந்த மஞ்சத்துணி நான் கட்டி விட்டது," என்றார். "அந்தப் பேயி என் புருசன்."

தர்மேந்திரன் எழுந்தார்.

"பேயா நடிக்க வந்த பையன் இருட்டுக்குப் பயந்து முதல் நாளே ஓடிட்டான். இந்தத் தம்பி என் கால்ல விழுந்துச்சு. எனக்கும்... சின்ன வயசுல இருந்தே நடிக்கணும்னு ஒரு ஆசை. நைட் ஷிப்ட்டுன்னு வீட்டுல பொய் சொன்னேன். அம்மா வாசல்லயே பேய் வேசம் கட்டுறமேன்னு ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன். முகம் காணோம்னதும் என்னாலதான் அம்மா போயிட்டான்னு நினைச்சேன். அதைச் சொல்றதுக்குத் திருடன்னு பேரு வாங்குறது பரவாயில்லன்னு தோணுச்சு."

"அண்ணே, நீங்க கழுத்தை நெரிச்சிக்கிட்டு இருந்தப்பத்தான் கோயில் கதவு திறந்திருக்கு," என்றாள் புஷ்பலதா. "உங்க சாவி உங்க இடுப்புல. அதை நாங்க எல்லாரும் பார்க்கிறோம். பூட்டு உடையல. அப்ப எந்தச் சாவி திறந்துச்சு? ஹுத்தான் மெலிந்தாங் அலமாரியில இருக்கிற சாவி, தானா பஸ் ஏறி வந்துச்சா?"

எல்லாத் தலையும் சீனியின் பக்கம் திரும்பின. அவர் யாரையும் பார்க்கவில்லை. வெளிறிய திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டார்.

"இது எப்படி?" என்று கொட்டகை முழுக்க ஒலித்தது அவருடைய முணுமுணுப்பு. "மூணு தடவை பார்த்தேனே. தியேட்டர்ல ஒண்ணுமே தெரியலையே."

மைக் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது.

"அதுக்குத்தான் அண்ணே தட்டு வாங்கணும்கிறது," என்றான் ரூபன் பணிவாக. "சும்மாவே குடுத்தாங்களாமே, வாங்கியிருக்கலாம்ல?"

பிறகு ஒரே கூச்சல். சீனி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "நான் திருடல, என் வீட்டுப் பூசை அறையில பத்திரமா வச்சிருக்கேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "அம்மாவே கிளம்பிட்டான்னாதான் நீங்க எல்லாம் டவுனுக்கு வருவீங்க. இந்தக் காட்டுல யாரு வந்து கும்பிடுறா? பெரிய கோயிலாக் கட்டலாம்னுதான்... ஒரு நாள்கூட அவளுக்குப் பூசை தவறல." அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும் என்று ரூபனுக்குப் பட்டது. திருடிய பிறகும் முதுகு காட்டாமல் நடந்தவர், பூசையை மட்டும் விட்டுவிடுவாரா? வெள்ளி முகத்தை எடுத்து வர நான்கு பேர் அவரை நடுவில் உட்காரவைத்துக் காடியில் கூட்டிப்போனார்கள்.

யுவனேஸ்வரன் தன் நடிகரைக் கட்டிப்பிடித்து, "அண்ணே, நிறையப் பேரு கை தட்டினாங்க பார்த்தீங்களா?" என்றான். அப்போது கமிட்டியில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"அது சரி. திருடல, ஒத்துக்கிறோம். ஆனா பேய் வேசம் போட்டவன் கையில கோயில் சாவியா?"

சத்தம் அடங்கியது. வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தர்மேந்திரன் வேட்டியை விலக்கி இடுப்புக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. கணக்குத் தீர்ந்துவிட்ட வழக்கில் புஷ்பலதாவுக்கு இதற்குமேல் இடமில்லை.

காளியம்மா நடந்து வந்து கணவரின் கையைத் தட்டிவிட்டார். குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். சாவி அவர் கையோடு வந்தது. அதை எடுத்துத் தன் சேலைக் கொசுவத்தில் செருகிக்கொண்டார்.

"இனிமே இது என்கிட்ட இருக்கும்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "நான் பேய் வேசமும் போடல, முகத்தையும் எடுக்கல, எங்கேயும் பொய் சொல்லல. இங்க அப்படி வேற யாராவது இருந்தா எழுந்து வாங்க, தந்துடுறேன்."

யாரும் எழவில்லை. பின்வரிசைப் பெண்கள் சிலர் மட்டும் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நைட் ஷிப்ட்டு பத்தி வீட்டுல பேசிக்கலாம்," என்று கணவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார் காளியம்மா. "இருட்டப் போவுது. எண்ணெய எடுத்துக்கிட்டு வாங்க."

அவர் முன்னால் நடந்தார். தர்மேந்திரன் எண்ணெய்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.